உல்லாச ஏரியும் உயிர்ப் பொறுப்பும்

நீரைத் தேக்கி வைப்பவன் அந்நீருக்குப் பொறுப்பாளி என்பது, ஏரி குளங்களை நம்பி வாழும் நம் ஜனங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமன்று. கரை இளகினால் அடைப்பது யார் கடமை, கலிங்கை மறித்தால் கேட்பது யார் உரிமை என்று எந்தக் கிராமத்தில் விசாரித்தாலும் விடை கிடைக்கும். ஆனால் பாசனத்திற்கும் குடிநீருக்குமன்றி, வெறும் பொழுது போக்கிற்காகத் தனி மனிதர்களும் சங்கங்களும் சொந்தத்தில் வைத்திருக்கும் மண்ணணைகளைப் பற்றி இதே கேள்விகளை எழுப்பினால் அவ்வளவு சுலபமாக விடை கிடைப்பதில்லை. படகு விடவும், மீன் பிடிக்கவும், மாளிகைக்கு அழகு செய்யவும் ஒருவர் தமக்குச் சொந்தமான நிலத்தில் ஓர் ஓடையை மறித்து நீர் தேக்கினால், மற்றவர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அணைக்கு மேலே நின்று பார்ப்பவர்களுக்கு இக்கேள்வி நியாயமாகத் தோன்றலாம். அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அவ்வாறு தோன்றாது.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். பிறர் குடியிருப்புக்கு மேலே, தன் உல்லாசத்தின் பொருட்டு நீரைத் தேக்கி வைப்பவன் அந்நீரால் விளையும் சகல நஷ்டத்திற்கும் உத்தரவாதியாக வேண்டும். பெருமழை பெய்தது, தெய்வச் செயல் என்ற சமாதானம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அணை சிறியது என்ற காரணத்தால் அவன் பரிசோதனையினின்று தப்பவும் கூடாது. இந்த அபிப்பிராயத்திற்கு ஆதாரமாக உள்ள சம்பவங்களையும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நம் நாட்டிலும் நீதிமன்றங்கள் இது பற்றிச் சொல்லியிருப்பவற்றையும் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஜான்ஸ்டவுன் என்ற ஊர், இரும்பும் எஃகும் செய்யும் தொழிற்சாலைகளால் வளர்ந்தது. 1889-ஆம் வருஷத்தில் அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலுமாகச் சுமார் 30,000 பேர் வசித்து வந்தனர். ஊருக்கு 14 மைல் மேலே, அதைவிடச் சுமார் 450 அடி உயரத்தில், சௌத் போர்க் என்னும் ஓடையை மறித்து 72 அடி உயரமும் 900 அடிக்கு மேல் நீளமும் கொண்ட மண்ணணை ஒன்று நின்றது. அதைக் கட்டியது தனியார் அல்லர். படகுக் கால்வாய்க்கு நீர் கொடுப்பதற்காகப் பென்ஸில்வேனியா ராஜாங்கமே 1838-ல் அவ்வேலையை ஆரம்பித்து 1853-ல் முடித்தது. நீரை வேண்டியபோது இறக்கி விட அணையின் அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. வெள்ளம் வந்தால் கழிந்து செல்லப் பக்கத்தில் பாறையை வெட்டிக் கலிங்கு அமைத்திருந்தார்கள். ஆக, ஓர் ஏரிக்கு வேண்டிய மதகும் கலிங்கும் முறைப்படி இருந்தன என்றே சொல்ல வேண்டும்.

பிறகு ரயில் வந்தது. கால்வாய்க்கு வேலையில்லாமற் போயிற்று. 1857-ல் அணை ரயில் கம்பெனியின் கைக்கு மாறியது. 1862-ல் அதில் ஒரு பகுதி உடைந்து, பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1875-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினராயிருந்த ஒருவர் அதை வாங்கினார். அடியிலிருந்த குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றார். 1879-ல் அவரிடமிருந்து 2,000 டாலருக்கு அது கைமாறி, 'சௌத் போர்க் மீன்பிடி வேட்டைச் சங்கம்' என்ற ஸ்தாபனத்தின் சொத்தாயிற்று. பிட்ஸ்பர்க் நகரத்துப் பெருஞ் செல்வர்களின் சங்கம் அது. ஆண்ட்ரூ கார்னீஜி, ஹென்ரி பிரிக், ஆண்ட்ரூ மெல்லன் முதலியோர் அதில் அங்கத்தினர். கோடைக் காலத்தில் குடும்பத்துடன் வந்து தங்கவும், படகு விடவும், மீன் பிடிக்கவும் அந்த ஏரி அவர்களுக்குப் பயன்பட்டது.

சங்கத்தார் செய்த மாறுதல்களைக் கவனிக்க வேண்டும். கரையின் மேல் இரண்டு கோச்சு வண்டிகள் எதிரெதிரே செல்ல இடம் வேண்டியிருந்தது. அதற்காகக் கரையின் உச்சியைச் சில அடி வெட்டித் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் வெள்ளத்துடன் வெளியே போகாதிருக்கக் கலிங்கின் குறுக்கே கம்பி வலைத் தட்டிகளை நிறுத்தினார்கள். பெயர்த்தெடுத்த குழாய்களுக்குப் பதிலாக வேறு குழாய்கள் வைக்கவில்லை. உடைந்த பாகத்தை மண், மரக்கிளை, வைக்கோல், எரு ஆகியவற்றைக் கொட்டி மூடினார்கள். நாளடைவில் கரையின் நடுப்பாகம் சற்றே அமிழ்ந்தது. மண்ணணையின் உயிர் நிலை ஒன்றே: நீர் அதன் தலைக்கு மேல் ஏறலாகாது. ஏறினால் கீழ்ச்சரிவிலுள்ள மண்ணை அறுத்துக்கொண்டு போய்விடும். வண்டிப் பாதைக்காகக் கரையின் உயரம் குறைந்தது. மீனுக்காகக் கலிங்கு குறுகியது. மதகோ இல்லவே இல்லை. மேலும், நீர் வழியும்போது கரையின் நடுவே முதலில் வழியும்படியான தாழ்வும் ஏற்பட்டு விட்டது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஜான்ஸ்டவுனிலிருந்த காம்ப்ரியா இரும்புக் கம்பெனியின் தலைவர் டேனியல் மாரெல், 1880-ல் தம் கம்பெனியைச் சேர்ந்த ஜான் புல்டன் என்பவரை அனுப்பி அணையைப் பரிசோதிக்கச் செய்தார். குழாய்கள் இல்லாததும் பழுது பார்த்த பாகம் உறுதியில்லாததும் ஆகிய இரண்டு குற்றங்களை அவர் எடுத்துக் காட்டினார். செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்பதாகவும் மாரெல் சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு எங்களால் ஓர் அபாயமும் இல்லை என்ற கருத்தில் சங்கத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. விஷயம் அவ்வளவுடன் முடிந்தது. கீழே இருப்பவர்கள் விண்ணப்பம் செய்யலாம். ஏற்பதும் மறுப்பதும் சொந்தக்காரர் இஷ்டம். அக்காலச் சட்டத்தின் நிலை அது.

1889 மே மாதம் 30, 31 தேதிகளில் அந்தப் பிரதேசத்தில் கடும் மழை பெய்தது. 31-ந் தேதி காலையில் ஏரி நிரம்பிக் கரையை எட்டியது. சங்கத்தின் அப்போதைய தலைவர் கூலியாட்களைக் கொண்டு கரையை உயர்த்தப் பார்த்தார். வலைத் தட்டிகளில் சிக்கிய குப்பையை அகற்றப் பார்த்தார். புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டவும் முயன்றார். மதகு இருந்திருந்தால் முன்பே திறந்து நீரை இறக்கியிருக்கலாம். அதற்கு வழியில்லை. இளம் இஞ்சினீயர் ஒருவர் குதிரையேறிக் கீழே விரைந்து தந்தி மூலம் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆனால் அணை உடையப் போகிறது என்ற வதந்தியை வருஷந்தோறும் கேட்டுப் பழகிப் போன ஊரில் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. பிற்பகல் 3 மணி சுமாருக்கு அணை உடைந்தது. 4 மணிக்குச் சற்றுப் பின்னர், வழியிலிருந்த வீடுகளையும் மரங்களையும் ரயில் எஞ்சின்களையும் வாரிக்கொண்டு வெள்ளம் ஜான்ஸ்டவுனுக்குள் புகுந்தது. கல் பாலம் ஒன்றில் இந்தச் சிதைவுகள் எல்லாம் மலை போல் அடைபட்டு, அதில் தீயும் பற்றி, நீருக்குத் தப்பியவர்களில் பலர் நெருப்பில் மாண்டனர். இறந்தவர் தொகை 2,209 என்று கணக்கிடப்பட்டது. 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. 750-க்கு மேற்பட்ட சடலங்கள் இன்னாருடையவை என்று அடையாளம் காணப்படாமலே புதைக்கப்பட்டன.

ஊரின் மேலும் சிறிது குற்றம் உண்டு. தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் இடம் வேண்டி ஆற்றங்கரைகளைத் தூர்த்து ஆற்றைக் குறுக்கி விட்டார்கள். அதனால் அன்று காலையிலேயே தெருக்களில் நீர் ஏறியிருந்தது. ஆனால் வீட்டிற்குள் நீர் வருவது வேறு. வீட்டையும் வீட்டிலுள்ளவர்களையும் ஒருசேர வாரிச் செல்லும் வெள்ளம் வருவது வேறு. பின்னதை அனுப்பியது மேலேயிருந்த ஏரி.

இனி நஷ்ட பரிகாரத்தைக் கவனிப்போம். சங்கத்தின் மேல் வழக்குகள் தொடரப்பட்டன. ஒன்றிலும் வாதிகளுக்கு வெற்றி கிட்டவில்லை. அங்கத்தினர் சிலர் நன்கொடை அளித்தார்கள். கார்னீஜி அவ்வூரில் ஒரு புஸ்தகசாலை கட்டிக் கொடுத்தார். தர்மத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் தர்மம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. பரிகாரம் இழந்தவரின் உரிமை. உரிமையைக் கேட்டு வந்தவர்களுக்குத் தர்மம் மட்டுமே கிடைத்தது.

அமெரிக்க இஞ்சினீயர் சங்கத்தின் கமிட்டி ஒன்று இவ்விபத்தை ஆராய்ந்து 1891-ல் அறிக்கை வெளியிட்டது. கரையைத் தாழ்த்தாமல் இருந்திருந்தாலும் அன்றைய வெள்ளத்தில் அணை உடைந்தே இருக்கும் என்பது அதன் முடிவு. சொந்தக்காரர்களுக்கு இதைவிட அனுகூலமான சாட்சியம் வேண்டியதில்லை. நூறு வருஷத்திற்கு மேலாக அம்முடிவே நிலைத்து நின்றது. 2016-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், அந்த ஏரியின் கொள்ளளவையும் கலிங்கின் அளவையும் புதிதாகக் கணக்கிட்ட பென்ஸில்வேனியா ஆராய்ச்சியாளர்கள் இம்முடிவை மறுத்தார்கள். கரையைத் தாழ்த்தியதால் வெள்ளத்தைக் கழிக்கும் சக்தி பெரிதும் குறைந்து விட்டது என்றும், முதலில் கட்டியபடியே விட்டிருந்தால் அணை தப்பியிருக்கும் என்றும் அவர்கள் காட்டினார்கள். இறந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் மறைந்த பிறகு வந்த சாட்சியம் அது.

இதனின்று சட்டத்தின் விஷயத்திற்கு வருகிறோம். பிறர் பொருட்டன்றித் தன் பொருட்டு அபாயமான வஸ்துவைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவன், அது தப்பி வெளியேறினால் வரும் நஷ்டத்திற்கு, அவனுடைய அஜாக்கிரதையை வாதி நிரூபிக்காவிட்டாலும், உத்தரவாதி என்ற கொள்கை இங்கிலாந்தில் 'ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர்' வழக்கில் 1868-ல் பிரபுக்கள் சபையால் ஊர்ஜிதமாயிற்று. அந்த வழக்கும் ஒரு நீர்த்தேக்கத்தைப் பற்றியதே. ஆலை முதலாளி ஒருவர் தேக்கிய நீர் பழைய சுரங்க வழிகளில் இறங்கி அயலாருடைய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. பென்ஸில்வேனியா உயர் நீதிமன்றமோ ஜான்ஸ்டவுன் அழிவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1886-ல், ஒரு சுரங்கக் கம்பெனியின் வழக்கில் இக்கொள்கையை ஏற்க மறுத்து விட்டது. ஆகையால் ஜான்ஸ்டவுன் ஜனங்கள், கரையைத் தாழ்த்தியது இன்னார், அது இன்ன வகையில் அஜாக்கிரதை என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியவர்கள் ஆனார்கள். சங்கத்திற்கோ கைப்பொருள் அதிகமில்லை. பொருள் இருந்தது அங்கத்தினர்களிடம். அவர்களைச் சட்டம் தொடவில்லை. பின்னர் அமெரிக்க மாகாணங்கள் பலவற்றின் நீதிமன்றங்கள் இங்கிலாந்துக் கொள்கையின் பக்கம் சாய்ந்தன. அம்மாறுதலுக்கு ஜான்ஸ்டவுனின் நினைவு ஒரு காரணம் என்று சட்ட சரித்திரக்காரர் சொல்லுவர்.

இங்கிலாந்திலும் இந்தக் கொள்கைக்கு ஒரு வாயில் திறந்து விடப்பட்டது. செஷயர் பிரதேசத்தில் ஒரு சீமாட்டியின் நிலத்தில், ஓடையை மறித்து அழகிற்காக அமைத்த குளங்கள் இருந்தன. 1872-ல் பெருமழையில் அவற்றின் கரைகள் உடைந்து, ஜில்லாவுக்குச் சொந்தமான நான்கு பாலங்களை வெள்ளம் கொண்டு போயிற்று. 'நிகல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட்' என்ற அவ்வழக்கில், மழை அசாதாரணமானது, தெய்வச் செயல், ஆகவே பொறுப்பில்லை என்று 1876-ல் தீர்ப்பாயிற்று. 1917-ல் ஸ்காட்லாந்திலிருந்து கிரீனக் நகரசபையின் வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. குழந்தைகள் விளையாடக் குளம் கட்டுவதற்காக ஓடையின் போக்கை மாற்றியிருந்தார்கள். பெருமழையில் நீர் வழிந்து ரயில்வேக்கு நஷ்டம் விளைந்தது. பிரபுக்கள் முந்திய தீர்ப்பைச் சந்தேகித்தார்கள். அந்நாட்டில் பெருமழையை யாரும் எதிர்பாராத தெய்வச் செயலாகக் கொள்ள முடியாதென்றும், இயற்கையான போக்கை மாற்றியவரே பொறுப்பென்றும் சொன்னார்கள். விளையாட்டிற்காக நீரைத் தடுத்தவர் மழையின் மேல் பழி போட முடியாது என்பதே இத்தீர்ப்பின் சாரம் எனலாம்.

நம் நாட்டைச் சேர்ந்த வழக்கொன்றையும் இங்கே எடுத்துக் கூற வேண்டும். ஏனெனில் எதிர்க் கட்சியார் அதைத் தமக்கு ஆதாரமாகக் காட்டக் கூடும். சென்னை ராஜதானியில் கார்வேட்நகரம் ஜமீனுக்குட்பட்ட ஏரிகள் பெருவெள்ளத்தில் உடைந்து ரயில் பாதைக்குச் சேதம் விளைவித்தன. மதராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குத் தொடர்ந்தது. 1874-ல் பிரிவி கவுன்சில் கம்பெனிக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் காரணம் என்ன? அவ்வேரிகள் தொன்று தொட்டு இருப்பவை; தேசத்து ஜனங்களின் ஜீவனத்திற்கு இன்றியமையாதவை; அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்; ஆகையால் தன் லாபத்திற்கென்று நீரைக் கொண்டு வந்து வைத்த ஆலை முதலாளியுடன் அவரை ஒப்பிடலாகாது என்பதே. இக்காரணம் உல்லாச ஏரிக்காரருக்குத் துணை செய்யாது, அவரைக் கைவிடுகிறது. ஊர் உண்ண நீர் தேக்கியவனுக்குச் சட்டம் ஒரு சலுகை காட்டிற்று. அதே ராஜதானியில் 1858-ஆம் வருஷச் சட்டம் ஒன்றின்படி, கரை உடையும் தறுவாயில் ஊரார் உழைப்பைக் கட்டாயமாகவும் பெறலாம். நீரின் பயனும் கரையின் பாரமும் அங்கே பெரும்பாலும் ஒரே ஜனங்களைச் சேர்ந்தன. சௌத் போர்க்கில் பயன் மேலேயிருந்த சில குடும்பங்களுக்கு. அபாயம் கீழேயிருந்த 30,000 பேருக்கு.

இது செல்வர்களின் அகங்காரத்தால் எப்போதோ நேர்ந்த விபத்து, நல்லெண்ணமுள்ள சொந்தக்காரர்களுக்கு இச்சட்டமெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஜார்ஜியா மாகாணத்திலுள்ள டொக்கோவா என்ற ஊரின் கதையே விடை. அங்கே ஒரு நீர்வீழ்ச்சிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. 1899-ல் மரமும் கல்லும் கொண்டு மின்சாரத்திற்காகக் கட்டிய சிறு தடுப்பு அது. பின்னர் ஒரு கிறிஸ்தவ வேதக் கல்லூரியார் அதன் மேல் மண்ணைப் போட்டு உயர்த்தினார்கள். 1957-ல் மின்சார உற்பத்தி நின்றது. அது முதல் ஏரி பொழுது போக்கிற்கே பயன்பட்டது. அணையின் உயரம் 38 அடி. நீளம் 400 அடி. கீழ்ச்சரிவு மிகச் செங்குத்து, மரங்கள் முளைத்திருந்தன, 1973-ல் அச்சரிவில் ஒரு பாகம் சரிந்தும் இருந்தது. 1977 நவம்பர் 6-ந் தேதி, மழை பெய்த இரவில், விடியற்காலை 1½ மணி சுமாருக்கு அணை உடைந்தது. 39 பேர் மாண்டனர். இவர்கள் அயலார் அல்லர். அணைக்குச் சொந்தமான கல்லூரியைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமே பெரும்பாலோர். கல்லூரியார் அபாயத்தைப் பிறர் தலையில் சுமத்தியவர்கள் அல்லர். அதன் கீழே தாமே உறங்கினார்கள். ஆயினும் அறியவில்லை. மண்ணணை உள்ளுக்குள் கெடும் தன்மையுடையது. நீர் கரையினுள் ஊறி மண்ணைச் சிறிது சிறிதாக அரித்து வழி செய்து கொள்ளும். மரத்தின் வேர் செத்து உளுத்த இடத்தில் நீர் புகும். ஈரம் ஏறிய சரிவு தன் பாரத்தாலேயே நழுவும். மேலே படகு விடுபவனுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. பயிற்சி பெற்ற கண் வேண்டும். அக்கண் சொந்தக்காரனுடைய தயவில் இல்லாத கண்ணாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அத்தகைய பரிசோதனைக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1972-ல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கழிவு அணைகள் உடைந்து 125 பேர் இறந்த பிறகு, அணைப் பரிசோதனைச் சட்டம் இயற்றினார்கள். ஐந்து வருஷம் அது பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. தனியார் அணைகளைப் போய்ப் பார்க்கப் பணம் ஒதுக்கவில்லை. டொக்கோவா விபத்துக்குப் பிறகு, ஜார்ஜியாவைச் சேர்ந்தவரான ஜனாதிபதி கார்ட்டர் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். 1978 முதல் 1981 வரை, உடைந்தால் உயிர்ச் சேதம் நேரக்கூடிய இடங்களிலுள்ள சுமார் 8,800 அணைகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பத்திரமில்லாதவை என்று கண்டார்கள். பாராமலிருந்த வரையில் அவையெல்லாம் பத்திரமானவை என்றே கருதப்பட்டிருந்தன! அந்நாட்டு அணைப் பதிவேட்டில் இன்று 90,000-க்கு மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தனியார் உடைமை. 2006 மார்ச்சு மாதத்தில் ஹவாய்த் தீவுகளில் ஒரு தனியார் மண்ணணை உடைந்து 7 பேர் இறந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சப் பூர்வத்தில் ஏற்பட்ட அணை அது. அதன் கலிங்கை மண்ணிட்டு மூடி விட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சொந்தக்காரர் குற்றத்தை மறுத்து வாதாடாமல் ஒப்புக்கொண்டு, 2014-ல் ஏழு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1889-ல் ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2014-ல் ஒருவர் சிறை சென்றார். அளவு போதுமா போதாதா என்பது நிற்க, திசை சரியானது.

நம் தேசத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ல் இயற்றப்பட்டது. சொந்தக்காரரே அணையின் பத்திரத்திற்குப் பொறுப்பென்று அது விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் எல்லா அணைகளையும் தொடுவதில்லை. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவற்றை அது முழுவதும் ஏற்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரையிலானவை, கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாமை, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமை, பெருவெள்ளத்தின் அளவு வினாடிக்கு 2,000 கன மீட்டருக்குக் குறையாமை, அஸ்திவாரத்தில் விசேஷக் கஷ்டம், அசாதாரணமான அமைப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் சேரும். 10 மீட்டருக்குட்பட்டவை சேரா. டொக்கோவா அணையை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். உயரம் சுமார் 11½ மீட்டர். நீளம் சுமார் 120 மீட்டர். வெளிவந்த நீர் 8 லட்சம் கன மீட்டருக்கும் குறைவு. உடைந்தபோது பாய்ந்த வெள்ளமே வினாடிக்கு 700 கன மீட்டரைத் தாண்டவில்லை. அளவை மட்டும் நோக்கினால், 39 உயிர்களைக் கொண்ட அந்த அணை நம் சட்டத்தின் கண்ணில் படவே படாது. உயரத்தையும் கொள்ளளவையும் கொண்டு அபாயத்தை அளப்பதன் குறை இதுவே. அணைக்கு அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்ட பின்பே அதன் அபாயத்தைச் சொல்ல முடியும். வனாந்தரத்திலுள்ள பெரிய அணையைவிடப் பள்ளிக்கூடத்திற்கு மேலேயுள்ள சிறிய அணை அபாயமானது.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரையில் நம் நாடு ஆங்கிலேய சட்டத்தையும் தாண்டிச் சென்றிருக்கிறது. 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, டில்லியில் நேர்ந்த விஷவாயுக் கசிவு சம்பந்தமான மேத்தா வழக்கில், அபாயமான தொழிலை நடத்தும் ஸ்தாபனத்தின் பொறுப்பு முழுமையானது, தெய்வச் செயல் முதலிய விலக்குகள் அதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தொழில் நடத்துவோரைப் பற்றியது. தேசத்திற்கு உபயோகமான பொருள் செய்யும் தொழிலுக்கே விலக்கில்லை என்றால், சிலருடைய விடுமுறைக்கு இன்பம் தருவதைத் தவிர வேறு பயனில்லாத ஏரிக்கு விலக்கு எவ்வாறு பொருந்தும்? இக்கொள்கையை நீட்ட நீதிமன்றத்தை எதிர்பார்த்துக் கொண்டிராமல் சட்டசபைகளே தெளிவாக விதிப்பது நலம்.

ஆக்ஷேபணைகளில் ஒன்றுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்ல விரும்புகிறோம். சிறு அணைக்காரர்கள் அனைவரும் கார்னீஜிகள் அல்லர். பரிசோதனைச் செலவும் இன்ஷ்யூரன்ஸ் கட்டணமும் அவர்களால் தாங்க முடியாது என்பது அந்த ஆக்ஷேபணை. உண்மைதான். ஆனால் தாங்க முடியாத செலவு மறைந்து போவதில்லை. கீழே இருப்பவர்களின் கணக்கில், அவர்களைக் கேளாமலே, எழுதப்படுகிறது. கரையைக் காக்க வகையில்லாதவன் நீர்மட்டத்தைக் குறைத்துக் கொள்ளலாம், கலிங்கை அகலப்படுத்தலாம், அதுவும் இயலாவிடில் முறைப்படி கரையை வெட்டி ஓடையை அதன் வழியே விட்டு விடலாம். பாசன ஏரியை வற்ற வைத்தால் பயிர் சாகும். உல்லாச ஏரியை வற்ற வைத்தால் படகு கரையில் நிற்கும், வேறொன்றுமில்லை.

ஆகவே நாம் கோருவது இதுவே. குடியிருப்புக்கு மேலே நீர் தேக்கும் ஒவ்வொரு தனியார் அணையும், உயரம் எதுவானாலும், ஜில்லா அதிகாரிகளிடம் பதிவாக வேண்டும். சொந்தக்காரருடைய சம்பளம் பெறாத இஞ்சினீயர் ஒருவர் குறித்த காலந்தோறும் அதைச் சோதிக்க வேண்டும். அவருடைய அறிக்கை, கீழே வசிக்கும் எவர் கேட்டாலும் அவர்களுடைய பாஷையில் கிடைக்க வேண்டும். கரையைத் தாழ்த்துவதும், கலிங்கை மறிப்பதும், மதகை எடுப்பதும் அனுமதியின்றிச் செய்தால் தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். நஷ்ட பரிகாரத்திற்குப் போதிய ஈடு காட்டாத சங்கமோ கம்பெனியோ அணை வைத்திருக்க அனுமதி பெறலாகாது. சங்கத்தின் பெயருக்குப் பின்னால் அங்கத்தினர் ஒளிந்து கொள்ள இடமிருக்கலாகாது.

இவற்றில் ஒன்றேனும் 1880-ல் பென்ஸில்வேனியாவில் சட்டமாக இருந்திருந்தால், மாரெல் அனுப்பிய கடிதம் விண்ணப்பமாக இராமல் உத்தரவாக இருந்திருக்கும். ஐந்து குழாய்களும் சில அடி மண்ணும் சங்கத்தாருக்குப் பெரிய செலவன்று. அச்செலவைச் செய்யும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் அதிகாரம் இல்லாததே 2,209 பேரின் மரணத்திற்குக் காரணமாயிற்று. அந்த அதிகாரத்தை நம் ஜனங்களுக்கு முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைக்குமாறு மத்திய சர்க்காரையும் மாகாண சர்க்கார்களையும் கேட்டுக் கொள்கிறோம்.